காற்றுக்குத் தக்க பாய், அலைக்குத் தக்க பலகை

எழுதியவர்: பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி



இந்த மாத அறிவியல் பகுதியில் ஒரு கடல் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "போச்சம்பள்ளிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மாங்காய் இருக்கு, தேங்காய் இருக்கு, சிப்காட் இருக்கு, அதைப் பத்தி எழுதக் கூடாதா?"ன்னு நீங்க கேட்கிறது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான்கு தாள் ஒட்டியிருக்கிறேன், கடைசித் தாள் நம்ம ஊர் ஏரியைப் பற்றியது. அதைப் படிக்காமல் போய்விடாதீர்கள்!

முதலில் நம்ம ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்தே தொடங்குவோம். ஆடி மாசத்தில் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள்தானே? கடைக்காரர்கள் தார்ப்பாயை என்ன செய்கிறார்கள்னு கவனித்ததுண்டா? காற்று லேசாக இருந்தால் முழுசாக விரித்துக் கட்டுவார்கள். காற்று ஏற ஏற, பாதியைச் சுருட்டிக் கட்டுவார்கள். ரொம்ப அடித்தால் அவிழ்த்து மடித்தே வைத்து விடுவார்கள். அவர்களுக்கு யாரும் சூத்திரம் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர்கள் செய்வது முழுக்க முழுக்க இயற்பியல். கடலில் பாய் கட்டுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

விங் ஃபாயில் என்றால் என்ன?

என் சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அதனால் சித்தி குடும்பம் மண்டபத்தில் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்குப் போகிற பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். போன மே மாத லீவில் அங்கே போயிருந்தபோது, கடலில் சிலர் தண்ணீரைத் தொடாமலேயே பறந்து போவதைப் பார்த்தேன். நிஜமாகத்தான்! பலகை தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் போகிறது. கையில் பெரிய வௌவால் இறக்கை மாதிரி ஒன்று. மோட்டார் கிடையாது, சத்தமும் கிடையாது. இதற்குத்தான் விங் ஃபாயில் என்று பெயர். 2019 வாக்கில்தான் உலகம் முழுக்கப் பரவியது.

அங்கே சொல்லிக் கொடுக்கிற அண்ணன் ஒருத்தர், கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். இதில் நான்கு பாகங்கள் இருக்கின்றன.

1. விங்: கையில் பிடிக்கும் பாய். ஓரத்தில் இருக்கும் குழாயில் காற்றடித்து விறைப்பாக்குவார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

2. போர்டு: நிற்கிற பலகை.

3. மாஸ்ட்: பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் நேராக இறங்கும் தூண்.

4. ஃபாயில்: அந்தத் தூணின் அடியில் விமானம் மாதிரி ஒரு அமைப்பு. பெரிய முன் இறக்கை, சின்னப் பின் இறக்கை.

விமான இறக்கை காற்றைக் கீழே தள்ளி விமானத்தை மேலே தூக்குகிறது. ஃபாயில் தண்ணீரைக் கீழே தள்ளி ஆளை மேலே தூக்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். இந்த யோசனை புதுசு இல்லை. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு, எச்டி-4 என்ற ஃபாயில் படகை 1919இல் மணிக்கு 114 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டியது! அப்போது அதில் விமான எஞ்சின் இருந்தது. இப்போது காற்றே எஞ்சின்.

"எந்த விங், எந்தப் போர்டு, எந்த ஃபாயில்னு எப்படிண்ணே முடிவு பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். அண்ணன் சொன்னார்: "மூணு விஷயம் பாக்கணும் தங்கச்சி. காத்து எவ்வளவு, ஆளோட எடை எவ்வளவு, தண்ணி எப்படி இருக்கு. தைரியம் எவ்வளவுன்னு யாரும் பாக்கிறதில்ல." வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கணக்கு: காற்று

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று சொன்னீர்களா? தவறு! நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். மணிக்கு 20 கி.மீ. காற்று, ஒரு சதுர மீட்டர் துணியை ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அதே துணியை 40 கி.மீ. காற்று 7 கிலோவுக்கும் மேலே தள்ளும். 5 சதுர மீட்டர் விங் என்றால் முதல் காற்றில் 10 கிலோ, இரண்டாவதில் 37 கிலோ! (துணியின் வடிவத்தையும் பிடிக்கும் கோணத்தையும் பொறுத்து இது கூடும், குறையும்.) பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி நிற்கலாம். 37 கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடும் பலகையில் நிற்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் ஒரே விங்கை வைத்துக்கொண்டு எல்லா நாளும் போக முடியாது. 3 முதல் 7 சதுர மீட்டர் வரை பல அளவுகளில் விங் வருகிறது. அளவு மனசில் நிற்க ஒரு சுலப வழி கண்டுபிடித்தேன். அம்மாவின் ஐந்தரை மீட்டர் சேலையை முழுசாக விரித்தால் ஏறக்குறைய 6 சதுர மீட்டர். தாத்தாவின் எட்டு முழ வேட்டி ஏறக்குறைய நாலரை. நாலு முழ வேட்டி இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. ஆக, இளங்காற்றுக்குச் சேலை, நடுக்காற்றுக்கு எட்டு முழம், பெருங்காற்றுக்கு நாலு முழத்தை விடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான்!

70 கிலோ எடையுள்ள, ஓரளவு பழகிய ஒருவருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவுகள் இவை:

மணிக்கு 20–28 கி.மீ. காற்று: 6 ச.மீ.
28–37 கி.மீ.: 5 ச.மீ.
37–46 கி.மீ.: 4 ச.மீ.
46–55 கி.மீ.: 3 ச.மீ.
அதற்கு மேல்: கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம்!

கணக்கில் கெட்டிக்காரர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பீர்கள். "காற்று இரண்டு மடங்கானால் பாய் நாலில் ஒரு பங்குதானே ஆகணும்? இங்கே பாதிதானே ஆகியிருக்கு?" நல்ல கேள்வி. பழகியவர் விங்கைச் சாய்த்துப் பிடித்து, அதிகக் காற்றைக் கொஞ்சம் வடித்து விடுவார். நாம் மழையில் குடையைக் காற்றுக்கு எதிரே நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடிப்போமே, அந்த மாதிரி. புதிதாகக் கற்பவருக்கு அந்தக் கை வராது. அதனால் அவருக்குக் காற்று கொஞ்சம் குறைவாக இருக்கும் நாளே நல்ல நாள்.

இன்னொரு விஷயம். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. 30 கி.மீ. வீசிக்கொண்டே இருக்கும், திடீரென்று 42 அடிக்கும். 42க்கும் 30க்கும் வேக வித்தியாசம் ஒன்றரை மடங்கு கூட இல்லை. ஆனால் விசை இரண்டு மடங்காகி விடுகிறது! எனவே காற்று விட்டு விட்டு அடிக்கும் நாளில், கற்பவர்கள் அந்தப் பெரிய அடியை நினைத்துத்தான் விங் எடுக்க வேண்டும். சராசரியை நம்பக் கூடாது.

செய்து பாருங்கள்: விளையாட்டு மைதானத்தில் ஒரு பெரிய அட்டையை முன்னால் பிடித்துக்கொண்டு நடங்கள். பிறகு அதே அட்டையோடு ஓடுங்கள். கை எவ்வளவு தள்ளப்படுகிறது என்று கவனியுங்கள். இருமடி விதி கைக்கே புரியும்.

இரண்டாவது கணக்கு: எடை

80 கிலோ ஆளைத் தூக்க அதிக விசை வேண்டும், 45 கிலோ ஆளுக்குக் குறைவாகப் போதும். நம்ம வகுப்பில் பாதிப் பேர் 45 கிலோதான். நமக்கெல்லாம் மேலே சொன்ன பட்டியலில் ஒரு படி சின்ன விங் போதும்.

இதற்கு அருமையான உதாரணம் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி. அதில் ஐஎல்சிஏ என்ற படகு உண்டு. படகின் உடல் ஒன்றே ஒன்றுதான், நீளம் 4.2 மீட்டர். ஆனால் பாய் மட்டும் மூன்று அளவு. ஐஎல்சிஏ 4க்கு 4.7 ச.மீ., ஐஎல்சிஏ 6க்கு 5.76 ச.மீ., ஐஎல்சிஏ 7க்கு 7.06 ச.மீ. எடை குறைந்தவருக்குச் சின்னப் பாய், கூடினவருக்குப் பெரிய பாய். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அக்கா, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் ஓட்டியது ஐஎல்சிஏ 6. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் அண்ணன் ஓட்டியது ஐஎல்சிஏ 7. இவர் 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். வேலூரிலும் கடல் கிடையாது நண்பர்களே! அப்புறம் என்ன, போச்சம்பள்ளியிலிருந்தும் ஒருவர் போகலாமே!

போர்டுக்கும் எடைக் கணக்கு உண்டு. போர்டை லிட்டரில் அளப்பார்கள். பலகையை ஏன் பால் மாதிரி லிட்டரில் அளக்கணும்? ஆர்க்கிமிடீஸ் விதியை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ எடையைத் தாங்கும். 100 லிட்டர் போர்டு என்றால், நம்ம வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து சேர்ந்த கனஅளவு. 60 கிலோ ஆள், மேலே போர்டு, ஃபாயில், விங் எல்லாம் சேர்ந்து 12 கிலோவுக்கு மேல் வரும். ஆக 100 லிட்டர் இருந்தால் ஆள் ஏறி நின்றாலும் மிதக்கும், மிச்சமும் இருக்கும். அதனால் கற்பவருக்கு "உன் எடையோடு 30, 40 லிட்டர் சேர்த்துக்கோ" என்பார்கள். நன்றாகப் பழகியவர்கள் அதை விடச் சின்னப் பலகையில் போவார்கள்.

மூன்றாவது கணக்கு: தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை

மேலே ஒரு சேலை அளவு பாய் வேண்டியிருக்கிறது. கீழே இருக்கும் முன் இறக்கை எவ்வளவு பெரிசு தெரியுமா? இரண்டு, இரண்டரை ஏ4 தாள் அளவுதான்! அதாவது 1,200 முதல் 1,500 சதுர செ.மீ. இவ்வளவு சின்னது எப்படி ஒரு ஆளைத் தூக்குகிறது? தண்ணீர் காற்றை விட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அதனால் சின்ன இறக்கையே போதும்.

இங்கேயும் அதே இருமடி விதிதான். 1,500 ச.செ.மீ. இறக்கை, ஆளும் சாமானும் சேர்ந்து 80 கிலோ என்றால் மணிக்கு 13 கி.மீ. வாக்கில் தூக்கிவிடும். 1,000 ச.செ.மீ. என்றால் 16 கி.மீ. வரை போக வேண்டும். இரண்டுமே நாம் சைக்கிள் மிதிக்கும் வேகம்தான்.

ஆகவே காற்று குறைந்த நாளில் பெரிய இறக்கை, சீக்கிரம் தூக்கும். காற்று கூடின நாளில் சின்ன இறக்கை. "பெரிசே இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு விட்டால் என்ன ஆகும்? வேகம் கூடக் கூடத் தூக்கும் விசை இருமடியாக ஏறும். எவ்வளவு முன்னால் சாய்ந்து அமுக்கினாலும் அடங்காது. இறக்கை தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். வெளியே வந்த அடுத்த நொடி தூக்கும் விசை போய்விடும். ஆள் தொப்பென்று விழுவார். எனவே விங்கைச் சின்னதாக்கினால் ஃபாயிலையும் சின்னதாக்க வேண்டும். இரண்டும் ஜோடியாகத்தான் மாறும், மாட்டு வண்டியில் இரண்டு மாடும் ஒரே மாதிரி இருக்கணும் என்பது போல.

சிற்றலை ஏன் எழும்புகிறது?

இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். கடலில் தூரத்திலிருந்து வரும் நீண்ட அலை வேறு. அந்த இடத்துக் காற்றே கிளப்பிவிடும் குட்டையான, நெருக்கமான, கன்னாபின்னாவென்று குதிக்கும் அலை வேறு. இந்த இரண்டாவதுதான் பலகையில் நிற்பவர்களுக்குத் தலைவலி. மேடும் பள்ளமுமான ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது போல இருக்கும்.

அந்த அலை எவ்வளவு பெரிசாகும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. காற்றின் வேகம், எவ்வளவு நேரம் வீசுகிறது, தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிறது, தண்ணீர் எவ்வளவு ஆழம். மூன்றாவதை நம்ம ஏரியிலேயே பார்க்கலாம். காற்று கிளம்பும் கரையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். எதிர்க்கரையில் சளப் சளப் என்று அலை அடிக்கும். ஒரே ஏரி, ஒரே காற்று. காற்று ஓடி வந்த தூரம்தான் வித்தியாசம்.

மண்டபத்தில் இதைப் பெரிய அளவில் பார்த்தேன். ஊர் ஒரு நீளமான குறுகிய நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு நடந்தே போய்விடலாம்! மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது தெற்குக் கடல் குதிக்கும், வடக்குக் கடல் அமைதியாக இருக்கும். மார்கழி, தை மாசங்களில் வாடைக்காற்று. அப்போது அப்படியே தலைகீழ். வடக்கு குதிக்கும், தெற்கு அடங்கும்.

அலை குதித்தால் என்ன மாற்ற வேண்டும்?

1. மாஸ்ட் நீளமானதாக இருக்கட்டும். இங்கே ஒரு அழகான இயற்பியல் இருக்கிறது. அலையின் ஆட்டம் மேலேதான் அதிகம், கீழே போகப் போகக் குறையும். இரண்டு அலை முகடுகளுக்கு நடுவே 3 மீட்டர் என்றால், வெறும் 60 செ.மீ. ஆழத்தில் ஆட்டம் மேற்பரப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நாலு சதவீதம்தான்! ஆகவே 80, 85 செ.மீ. மாஸ்ட் இருந்தால், கீழே இறக்கை அமைதியான தண்ணீரில் ஓடும், மேலே பலகை அலை முகட்டைத் தொடாமல் போகும்.

2. ஆனால் ஆழம் பார்க்க வேண்டும். பாக் விரிகுடாவின் கரையோரம் ஆழம் குறைவு. மாஸ்ட் நீளத்தை விட ஆழம் நன்றாகக் கூடுதலாக இல்லாவிட்டால் இறக்கை தரையில் குத்தும். ஆளுக்கும் அடி, அடியில் இருக்கும் கடல்புல்லுக்கும் சேதம். அந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது. அதற்காகவே 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எனவே கரையோரத்தில் குட்டை மாஸ்ட், அல்லது ஆழத்துக்குத் தள்ளிப்போய் ஏறுவது.

3. முன் இறக்கை, அதே காற்றில் அமைதியான தண்ணீருக்கு எடுப்பதை விட ஒரு படி சின்னது. பெரிய இறக்கை ஒவ்வொரு அலைக்கும் துள்ளும். சின்னது அலையை அறுத்துக்கொண்டு போகும்.

4. கற்பவருக்கு அகலமான, லிட்டர் கூடின போர்டு. அலையில் முட்டி போட்டு ஏறி நிற்கும்வரை அதுதான் ஆளைக் கவிழாமல் காப்பாற்றும். முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தால் அலைக்குள் குத்தாது.

5. விங்கின் நுனி அலையில் இடித்தால் ஆள் கவிழ்வார். எனவே இரண்டு அளவுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சின்னதையே எடுக்கச் சொல்வார்கள்.

நம் முன்னோரும் இதே கணக்குத்தான்

பாக் விரிகுடாப் பக்கம் வத்தை என்ற பாய்ப்படகுகள் இருந்தன. படகுக்குக் குறுக்கே ஒரு பலகையை வெளியே நீட்டி, அதன் மேல் ஆட்கள் போய் உட்காருவார்கள். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கும்போது, ஆள் எடை அதைச் சமன் செய்யும். தராசுத் தட்டு மாதிரி! இலங்கையின் பாய்ப்படகுகளில் காற்றையே "ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று, மூன்று ஆள் காற்று" என்று சொல்வார்களாம். 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட், 1805–06இல் காற்றுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் தயாரித்தார். அதுவும் எப்படித் தெரியுமா? அந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்கலாம் என்பதை வைத்துத்தான்! பிறகு அதை நிலத்தில் இருப்பவர்களுக்கும் மாற்றி எழுதினார்கள். கருவி எதுவும் இல்லாமல் நாமும் காற்றை அளக்கலாம். நம்ம ஊருக்குத் தக்கபடி எழுதியிருக்கிறேன்:

12–19 கி.மீ.: புளிய இலை விடாமல் ஆடும், லேசான கொடி விரியும்.
20–28 கி.மீ.: மைதானத்தில் புழுதியும் காகிதமும் கிளம்பும்.
29–38 கி.மீ.: சின்ன மாமரம் முழுசாக ஆடும், ஏரியில் அலை முகடு தெரியும்.
39–49 கி.மீ.: பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிக்க முடியாது.
50–61 கி.மீ.: முழு மரமே ஆடும், எதிர்க்காற்றில் நடக்கவே சிரமம்.

பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள். 1914இல் திறந்த பாலம் அது. 2025 ஏப்ரலில் அதன் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். ரயிலே நிற்கிற காற்றில் துணியைப் பிடித்துக்கொண்டு நாம் போகலாமா?

கடைசித் தாள்: அமைதியான தண்ணீரை நம்பாதீர்கள்

நான் மண்டபத்தில் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். மே மாதத்தில் வடக்குக் கடல் அமைதியாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா? "அப்போ புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதுதானே நல்ல இடம்?"னு கேட்டேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவத் தாத்தா சிரித்தார். "கரைக்காத்து கூட்டிட்டுப் போகும்மா. திருப்பிக் கொண்டாந்து விடாது" என்றார்.

யோசித்தால் புரிகிறது. தண்ணீர் ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஓடி வந்த தூரம் குறைவு, அதனால் அலை இல்லை. ஆனால் அதே காற்று நம்மை நடுக்கடலுக்குத் தள்ளும். போகப் போக அலையும் பெரிசாகும். அதனால் மீட்புப் படகு இல்லாமல் அங்கே யாரையும் இறக்க மாட்டோம் என்றார் அண்ணன். கரைக்குப் பக்கவாட்டில் வீசும் காற்றே கற்க நல்லது. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், போர்டைக் காலோடும் விங்கை உடம்போடும் இணைக்கும் கயிறு, இவை இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. எது உடைந்தாலும், காற்றே நின்றாலும், போர்டை விட்டு நீந்தக் கூடாது. போர்டு மிதக்கும், அதன் மேல் படுத்துக் கையை ஆட்டி உதவி கேட்க வேண்டும்.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். விங் ஃபாயில் சாமான் லட்சக்கணக்கில் விலை. நம்மிடம் அது இல்லை. ஆனால் ஆடி மாசம் இருக்கிறது, பாரூர் பெரிய ஏரி இருக்கிறது, கிருஷ்ணகிரி அணை இருக்கிறது, தண்ணீர் தேங்கிய கல்குவாரிக் குழிகள் இருக்கின்றன. லாரி ட்யூபும் தெர்மாகோல் அட்டையும் எடுத்துக்கொண்டு இறங்குகிற பசங்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கரையில் இறங்குவார்கள்? அமைதியாக இருக்கும் கரையில்தானே! அதுதான் காற்று கிளம்பும் கரை. ட்யூப் என்பதும் ஒரு பாய்தான் நண்பர்களே. காற்று அதை நடு ஏரிக்குத் தள்ளும். ஆள் நழுவி விழுந்தால், ஆள் எடை இல்லாத ட்யூப் இன்னும் வேகமாக ஓடும். பழகாதவர் நீந்துவது மணிக்கு 2 கி.மீ. வாக்கில்தான். துரத்திப் பிடிக்கவே முடியாது. மண்டபத்தில் படகு நிற்கிறது, நம்ம ஏரியில் யார் நிற்கிறார்கள்?

ஆகவே தண்ணீர்ப் பக்கம் போனால் நான்கு விஷயம் செய்யுங்கள். ஒரு பிடி மண்ணையோ காய்ந்த இலையையோ தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அது ஏரிக்குள் போனால் எதையும் மிதக்க விட்டு ஏறாதீர்கள். பந்தோ செருப்போ காற்றோடு போனால் போகட்டும், பின்னாலேயே நீந்தாதீர்கள். தம்பி, தங்கச்சிகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். "நீச்சல் எனக்குத் தெரியும்" என்கிற அண்ணன்மாருக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இருமடி விதி ஒன்றுதான்.

மூளைக்கு வேலை

1. மணிக்கு 15 கி.மீ. காற்று 45 கி.மீ. ஆனால் விசை எத்தனை மடங்கு?
2. 50 கிலோ மாணவர் கற்பதற்கு எத்தனை லிட்டர் போர்டு?
3. மார்கழியில் மண்டபத்தின் எந்தக் கடல் அமைதியாக இருக்கும்? அங்கே கற்பவர் தனியாக இறங்கலாமா? ஏன்?

விடையைத் தாளில் எழுதி, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்கள். மூன்றாவது கேள்விக்குக் காரணம் எழுதாத விடை செல்லாது!